வீசுவதற்கு முன் ஒரு கணக்கு

வியாபாரிகளாகிய நாம் கடையில் ஒரு ரூபாவுக்கும் கணக்குப் பார்ப்பவர்கள். துணிச்சுருளில் அரை மீற்றர் மிஞ்சினால் அதையும் 'வெட்டுத்துண்டு' என்று விலை வைத்து விற்றுவிடுவோம். சரக்குப் பெட்டி கட்டி வந்த கயிற்றை அவிழ்த்துச் சுற்றி மேசைக்கடியில் வைப்போம். வெறும் பெட்டிகளைக்கூட மடித்து அடுக்கி, வாங்க வருபவருக்கு நிறுத்துக் கொடுப்போம். இப்படிப்பட்ட நாம் மாலையில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும் கணக்கை மறந்துவிடுகிறோம். சுற்றாத மின்விசிறி, ஒழுகும் குழாய், ஆவி பிடிக்காத குக்கர், கம்பி முறிந்த குடை எதுவானாலும் "அது போகட்டும், புதிதாக ஒன்று வாங்குவோம்" என்ற ஒரே பேச்சில் விஷயம் முடிந்துவிடுகிறது.

மாதம் ஒரு பொருள் என்று இப்படிப் போனால் ஆண்டு முடிவில் எவ்வளவு போயிருக்கும் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கடையில் கிடைத்த இலாபம் வீட்டின் பின்கதவால் வெளியேறுகிறது. ஆகவே இவ்வாரம் கொள்முதல், வட்டி, வரி எல்லாவற்றையும் ஒருபுறம் வைத்துவிட்டு, வீட்டுக்குள் இருக்கும் பழைய பொருட்களைப் பற்றிப் பேசுவோம். கடைசியில் இது வியாபாரத்துக்கே திரும்பி வருவதைப் பார்ப்பீர்கள்.

2022 சொல்லித் தந்தது

2022ஐ நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. ஓகஸ்டில் சுமார் 300 வகைப் பொருட்களின் இறக்குமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின.

புதிய பொருள் சந்தையில் இல்லை, இருந்தாலும் வாங்கக் காசு இல்லை என்ற நிலையில் மக்கள் என்ன செய்தார்கள்? திருத்தினார்கள். ஆறு மாதமாக அலுமாரிக்கு மேல் தூசி படிந்து கிடந்த பிளெண்டரைத் துடைத்து எடுத்துக்கொண்டு பாஸைத் தேடிப் போனார்கள். எரிந்துபோன எல்.ஈ.டி. மின்குமிழைக்கூட வீசாமல் திருத்திப் பாவித்தார்கள். பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் எழுதாத தாள்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து ஒரு கொப்பியாக்கினார்கள்.

இதைவிடப் பெரிய உதாரணம் நமது வீதிகளில் ஓடுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இந்த நாட்டின் கார்களையும் வேன்களையும் முச்சக்கர வண்டிகளையும் ஓடவைத்தவர்கள் யார்? கராஜ்காரர்களும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாக வியாபாரிகளும்தான். பழைய வாகனம் ஓடாது, புதிது வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் அந்த ஐந்து ஆண்டுகள் பழைய வாகனத்தில்தான் போய் வந்தார்கள்.

இப்போது டொலர் ஓரளவு அடங்கியிருக்கிறது, இறக்குமதித் தடைகள் நீங்கிவிட்டன, கடைகள் நிறைந்திருக்கின்றன. நாமும் பழைய பழக்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். நெருக்கடியில் கற்ற பாடத்தை நெருக்கடி முடிந்ததும் மறப்பது கெட்டிக்கார வியாபாரிக்கு அழகில்லை.

பொருள் பழுதாவதில்லை, ஒரு பாகம்தான் பழுதாகிறது

வீட்டில் ஒரு சாதனம் வேலை செய்யாமல் போனால், பெரும்பாலும் அதற்குள் ஒரே ஒரு சிறிய பாகம்தான் தேய்ந்திருக்கும். மற்ற எல்லாம் நல்ல நிலையில் இருக்கும். அந்தப் பாகம் எது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். சில உதாரணங்கள்:

ஒழுகும் குழாய்: குழாயைப் பூட்டிய பின்னும் சொட்டுகிறதென்றால் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். அந்தக் குழாய்க்கு நீர் வரும் வால்வை மூடி, தலையைக் கழற்றி, வாஷரை மாற்றினால் போதும். சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் புரியில் த்ரெட் டேப் சுற்றிப் பூட்டலாம். சொட்டுத்தானே என்று விடாதீர்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு சொட்டு கால் மில்லிலீற்றர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 21 லீற்றருக்கு மேல், மாதத்துக்கு சுமார் 650 லீற்றர். நீர்ப் பட்டியலில் ஓர் அலகு என்பது 1,000 லீற்றர். அலகுகள் கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடுகிறது என்பதையும் நினைவில் வைக்கவும்.

கழிவறைத் தொட்டி: தண்ணீர் சத்தமில்லாமல் கசிகிறதா என்று பார்க்க, தொட்டியில் சிறிது சாயம் அல்லது கடும் தேயிலைச் சாயத்தைக் கலந்து அரை மணித்தியாலம் விடுங்கள். தண்ணீர் திறக்காமலே கீழே நிறம் தெரிந்தால் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றலாம்.

மின்விசிறி: மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது 'ம்ம்' என்று முனகிக்கொண்டு நிற்கிறது, கையால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது கெப்பாசிட்டரை. மோட்டார் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்குபவர்கள் பலர். பழைய கெப்பாசிட்டரில் எழுதியிருக்கும் அதே அளவில் ஒன்றை, மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு மாற்றுங்கள். இறக்கையில் படிந்த தூசியை மாதம் ஒருமுறை துடைத்தால் காற்றும் கூடும், ஆட்டமும் குறையும்.

பிளெண்டர், கிரைண்டர்: மோட்டார் சுற்றுகிறது, ஜாடிக்குள் கத்தி சுற்றவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கப்லிங் உடைந்திருக்கும். பாரம் கூடினால் மோட்டாருக்குப் பதிலாகத் தான் உடையட்டும் என்றே அது ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்யப்படுகிறது. அது உடைந்ததற்காக மோட்டாரையும் சேர்த்து வீசுவது, பூட்டு உடைந்ததற்காக வீட்டை விற்பது போன்றது.

குக்கர்: மூடியைச் சுற்றி ஆவி போனால் ரப்பர் வளையம் இறுகிவிட்டது என்று அர்த்தம். அதே கம்பனி, அதே அளவு பார்த்து வாங்குங்கள். சமைத்து முடிந்ததும் வளையத்தைக் கழற்றிக் கழுவி வைத்தால் அதிக நாள் உழைக்கும்.

குளிர்சாதனப் பெட்டி: கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். இலகுவாக வந்துவிட்டால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பிடிக்கவில்லை. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் ரப்பரைத் துடைத்து அழுக்கை எடுங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் ரப்பரை மாற்றுங்கள். பின்பக்கக் கம்பிகளில் படிந்த தூசியையும், பிளக்கைக் கழற்றிவிட்டு, தட்டி எடுங்கள். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்ந்தது. அதன்பின் குறைந்தும் கூடியும் வந்தாலும் பழைய கட்டணத்துக்கு நாம் திரும்பவில்லை. கடையில் சோடாப் பெட்டியும் ஐஸ்கிரீம் பெட்டியும் வைத்திருப்பவர்கள் இந்தத் தாள் சோதனையை இன்றே செய்து பார்க்கலாம்.

சிப்: பாடசாலைப் பையின் சிப் மூடியபின் பிளந்துகொள்கிறதென்றால் பற்கள் நன்றாகத்தான் இருக்கும், ஓடும் தலைதான் அகன்றிருக்கும். குறட்டால் இரு பக்கமும் மெல்ல அழுத்திப் பாருங்கள். சரிவராவிட்டால் தலையை மட்டும் மாற்றித் தரும் தையல்காரர் வெள்ளவத்தையிலும் இருக்கிறார், கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்.

கதிரை: ஆடும் மரக்கதிரைக்கு ஆணி அடிக்காதீர்கள். ஆணி மரத்தைப் பிளக்கும். பொருத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, மரப்பசை பூசிப் பொருத்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்கள். நமது மூத்தவர்கள் விட்டுப்போன தேக்கு, பலாத் தளபாடங்களின் உழைப்பு இன்று வாங்கும் அமுக்கிய பலகைத் தளபாடத்துக்கு இல்லை.

குடையும் சப்பாத்தும்: நனைந்த குடையை விரித்து உலர்த்திய பின்பே மடித்தால் கம்பி துருப்பிடிக்காது. முறிந்தது ஒரு கம்பி என்றால் நடைபாதையில் இருக்கும் குடைத் திருத்துநர் சில நிமிடத்தில் கட்டித் தருவார். சப்பாத்தின் அடி வாய் திறக்கத் தொடங்கியதுமே தைத்துவிட வேண்டும். பசையை மட்டும் நம்பினால் கொழும்பின் ஒரு மழையோடு மீண்டும் திறந்துகொள்ளும்.

துணிக்கு ஏழு உயிர்

கோதுமை மா துணிச் சாக்கில் வந்த காலத்தை நமது உம்மாமார் அறிவார்கள். அந்தச் சாக்கைத் துவைத்து வெளுத்துத் தலையணை உறையும் யன்னல் சீலையும் தைத்தார்கள். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சேர்ட்டின் கோலர் நைந்தால் தையல்காரர் அதைப் பிரித்து மறுபுறம் திருப்பித் தைத்துக் கொடுப்பார். சேர்ட் இன்னும் இரண்டு வருடம் போகும். இந்த வேலையை இன்றும் கேட்டால் செய்து தருகிறார்கள். கேட்பவர்தான் இல்லை.

படுக்கை விரிப்பு எப்போதும் நடுவில்தான் நைகிறது. ஓரங்கள் புதிதாகவே இருக்கும். நடுவில் நீளவாக்கில் வெட்டி, இரண்டு ஓரங்களையும் நடுவில் வைத்துத் தைத்து, நைந்த பக்கத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் விரிப்பு இன்னும் சில காலம் உழைக்கும். பழைய சாரம் முதலில் தலையணை உறையாகும், பிறகு சமையலறைத் துணியாகும், கடைசியில் தரை துடைக்கும் துணியாகும். வீசப்போகும் சேர்ட்டின் பொத்தான்களையும் சிப்பையும் வெட்டி எடுத்து ஒரு பேணியில் போட்டு வையுங்கள். பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கும்போது கீழ் மடிப்பை இரண்டு மூன்று அங்குலம் அதிகமாக விடச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அவிழ்த்து விட்டால் போதும்.

போத்தலும் பேணியும் பையும்

பால்மாப் பேணி, பிஸ்கட் தகரம், ஜாம் போத்தல் ஆகியவற்றை வீட்டில் யாரும் வீசுவதில்லை. நல்ல பழக்கம். பருப்பும் மிளகும் வைக்கும் போத்தலில் பெயரும் வாங்கிய திகதியும் எழுதி ஒட்டினால் பழையது முதலில் முடியும். கடையில் நாம் சரக்கு அடுக்கும் முறையே இது. தயிர்ச் சட்டியின் அடியில் ஒரு துளையிட்டால், மாடி வீட்டு முகப்பில் கறிவேப்பிலை, ரம்பை, கொச்சிக்காய்க் கன்று நடலாம்.

தேங்காய்ச் சிரட்டையைக் குப்பையில் போடுபவர்களுக்கு ஒரு செய்தி. சிரட்டைக் கரியிலிருந்து தண்ணீரையும் காற்றையும் சுத்திகரிக்கும் 'செயற்படுத்திய கரி' செய்யப்படுகிறது. அதை உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்வதில் இலங்கை உலகில் பெயர்பெற்ற நாடு. நாம் குப்பை வண்டியில் ஏற்றுவது இன்னொருவருக்கு மூலப்பொருள். தினமும் பல தேங்காய் உடைக்கும் உணவுக் கடைக்காரர்கள் சிரட்டையைச் சாக்கில் உலர்த்திச் சேர்த்தால் வாங்குபவர் தேடி வருவார்.

பைகளின் விஷயம் நமது பணப்பையோடு மட்டும் நிற்பதில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தக் குப்பை கொழும்பில் நாம் போட்ட குப்பை. அதே ஆண்டு செப்டெம்பரில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும் லன்ச் சீற்றும் தடைசெய்யப்பட்டன. 2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து பொலித்தீன் கைப்பைகளை இலவசமாகக் கொடுக்க முடியாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. வெள்ளவத்தைத் துணிக்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைக் கொண்டு துணிப்பை தைத்துக் கொடுக்கக்கூடிய பெண்கள் நமது வீடுகளிலேயே இருக்கிறார்கள். கடையின் பெயரை அச்சிட்டால் அந்தப் பை வருடக்கணக்கில் உங்களுக்கு விளம்பரம் செய்யும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்கள்

எல்லாவற்றையும் திருத்தலாம் என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் பத்து ரூபா மிச்சம் பார்த்தால் உயிரையே விலையாகக் கொடுக்க நேரும்.

முதலாவது, எரிவாயு. குழாயில் வெடிப்போ, ரெகுலேட்டரில் தளர்வோ இருந்தால் ஒட்டு வேலை வேண்டாம், புதிதாகவே மாற்ற வேண்டும். 2021 நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நாடெங்கும் வீடுகளில் நடந்த எரிவாயு வெடிப்புகளை நினைவில் வையுங்கள். கசிவைப் பார்க்க சவர்க்கார நுரையைப் பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது அறவே கூடாது.

இரண்டாவது, காப்புப் பாகங்கள். ரைஸ் குக்கர், அயன், கேத்தல் ஆகியவற்றுக்குள் சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு சிறு ஃபியூஸ் உண்டு. சில அவசரக்காரர்கள் அதை எடுத்துவிட்டு நேராகக் கம்பி போட்டுத் தருகிறார்கள். சாதனம் வேலை செய்யும், ஆனால் அடுத்த முறை எரியப்போவது வீடு. அதேபோல குக்கரின் பாதுகாப்பு வால்வுக்குப் பதிலாக வேறெதையும் செருகக் கூடாது.

மூன்றாவது, குடிக்கும் தண்ணீர்ப் போத்தலில் மண்ணெண்ணெயையோ அசிட்டையோ கழிவறைத் திரவத்தையோ ஊற்றி வைப்பது. சிறு பிள்ளைகளுள்ள வீட்டில் இது பேராபத்து.

நான்காவது, பழைய குண்டு மின்குமிழ். 60 வோற் குமிழ் நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு. அதே வெளிச்சம் தரும் 9 வோற் எல்.ஈ.டி. ஒன்றரை அலகுகூட எடுக்காது. இங்கே பழையதைக் காப்பாற்றுவதுதான் வீண்செலவு. ஊதிப்போன கைத்தொலைபேசி பற்றரியையும் ஒரு நாளும் பாவிக்காதீர்கள்.

இந்த விஷயத்தில் நமது நாட்டு டொக்டர் ஒருவர் செய்த காரியம் எல்லோரும் அறிய வேண்டியது. ஏழை வீடுகளில் வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்காகப் பாவிப்பார்கள். அது தட்டுப்பட்டு உருண்டு எண்ணெய் கொட்டி எரிந்ததில் இறந்தவர்கள் பலர். இப்படி எரிகாயத்தோடு வந்தவர்களைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, உருளாத விளக்கு ஒன்றைத் தேடினார். கட்டையாகவும் கனமாகவும் இரு பக்கம் தட்டையாகவும் இருக்கும் மார்மைட் போத்தல் அவருக்கு வழிகாட்டியது. அந்த வடிவில், திருகி மூடும் உலோக மூடியோடு அவர் செய்த பாதுகாப்பான விளக்குக்கு 1998இல் ரொலெக்ஸ் விருது கிடைத்தது. பழைய போத்தலை விளக்காக்குவது சிக்கனம்தான். அது விழுந்தால் என்ன ஆகும் என்றும் சேர்த்து யோசித்ததால்தான் அவர் உயிர்களைக் காப்பாற்றினார்.

வெள்ளத்தில் நனைந்த பொருட்கள்

2016 மே மாதத்திலும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போதும் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் வீடும் கடையும் மூழ்கின. அப்படி நனைந்த சாதனங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. தண்ணீர் வடிந்ததும் "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று சுவிச்சைப் போடுவதுதான் பெரும்பாலான சாதனங்களைக் கொன்றுவிடுகிறது, சில வேளை ஆளையும் கொல்கிறது. முதலில் வீட்டு மின் இணைப்பைத் தெரிந்தவரைக் கொண்டு பரிசோதியுங்கள். நனைந்த சுவிச், பிளக், பிரேக்கர் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு, தையல் இயந்திரம் போன்றவற்றைப் பிரித்துச் சேறு கழுவி, நன்றாக உலர்த்தி, பாஸ் பரிசோதித்த பின் ஓட்டலாம். பலவும் பிழைத்துவிடும். வெள்ளநீர் ஊறிய பஞ்சு மெத்தையையும் உணவுப் பண்டங்களையும் மட்டும் காப்பாற்ற முயல வேண்டாம்.

திருத்துவதா, வாங்குவதா?

இதற்கு வியாபாரிக் கணக்கு ஒன்று இருக்கிறது. செலவை, அது உழைக்கப்போகும் மாதங்களால் பிரித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு மின்விசிறியைத் திருத்த 1,500 ரூபா, அதன்பின் மூன்று வருடம் ஓடும் என்று வைப்போம். மாதத்துக்கு 42 ரூபா வருகிறது. புதியது 15,000 ரூபா, பத்து வருடம் ஓடும் என்றால் மாதத்துக்கு 125 ரூபா. திருத்துவதே இலாபம். அதே பொருளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 1,500 ரூபா செலவாகிறதென்றால் மாதத்துக்கு 250 ரூபா. அப்போது தயங்காமல் மாற்றிவிட வேண்டும். மின்சாரத்தை விழுங்கும் பழைய குளிர்சாதனப் பெட்டி என்றால் கட்டணத்தையும் இந்தக் கணக்கில் சேருங்கள். மனம் சொல்வதைக் கேட்காமல் பேனையால் எழுதிப் பாருங்கள், விடை தானாக வரும்.

திருத்திப் பாவிப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தமது பாதணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பது நமக்குத் தெரிந்த செய்தி. அதற்கு மேல் இதில் கௌரவப் பிரச்சினை எங்கே இருக்கிறது? கஞ்சத்தனம் என்பது கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருப்பது. வாஷரை மாற்றுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இதில் நமக்கு என்ன வியாபாரம்?

"எல்லோரும் திருத்திப் பாவித்தால் நாங்கள் யாருக்கு விற்பது?" என்று சில சகோதரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பொருள் விற்பவரைவிடப் பாகம் விற்பவரிடம் வாடிக்கையாளர் அடிக்கடி வருகிறார். மின்விசிறி வாங்கியவர் மீண்டும் வரப் பத்து வருடம் ஆகும். வாஷர், வளையம், கெப்பாசிட்டர், கப்லிங் தேடுபவர் வருடத்தில் நாலு முறை வருவார். வரும்போது ஒரு டோர்ச்சும் வாங்குவார். உங்களிடம் பாகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அடுத்த மின்விசிறியையும் உங்களிடமே வாங்குவார்.

பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் ஓர் ஆணியைக் கேட்டாலும் தேடித் தரும் பழக்கம் நமது மூத்த வியாபாரிகளுக்கு இருந்தது. அந்தப் பழக்கத்தைக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள சிறு கடைக்காரர்கள் பிடித்துக்கொள்ளலாம். பெரிய முதலீடு வேண்டாம். பன்னிரண்டு இழுப்பறை கொண்ட ஒரு சிறு பெட்டியும், அதிகம் கேட்கப்படும் பன்னிரண்டு வகைப் பாகங்களும் போதும். "இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று மாதத்தில் உங்கள் பகுதிக்கு எது தேவை என்பதை அந்தக் கொப்பி சொல்லிவிடும்.

திருத்த வேலை செய்து கொடுப்பவர்களுக்கும் மூன்று ஆலோசனைகள். வேலை தொடங்கும் முன் செலவைச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுங்கள். திகதியிட்ட பற்றுச்சீட்டில் எத்தனை மாதப் பொறுப்பு என்று எழுதுங்கள். மக்கள் திருத்தப் பயப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் செலவு இல்லை, ஏமாற்றப்படுவோமோ என்ற சந்தேகம். அந்தச் சந்தேகத்தை நீக்குபவரிடம் கூட்டம் தானாக வரும்.

உலகமும் இந்தப் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2009இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி, பழுதான பொருளைக் கொண்டுவந்தால் தொண்டர்கள் கூடவிருந்து திருத்த உதவும் 'ரிப்பெயார் கஃபே'யைத் தொடங்கினார். அது பல நாடுகளுக்குப் பரவியது. பிரான்ஸ் 2021 ஜனவரியிலிருந்து கைத்தொலைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் போன்றவற்றை எவ்வளவு இலகுவாகத் திருத்தலாம் என்று பத்துக்குப் புள்ளியிட்டு விற்க வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்குச் சட்டம் செய்து, 2026 ஜூலை 31 முதல் அதை நடைமுறைப்படுத்துமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டது. இந்தியாவும் 2022 டிசெம்பரில் இதற்கென ஓர் இணையத்தளத்தைத் திறந்தது. பணக்கார நாடுகள் சட்டம் போட்டுக் கொண்டுவரப் பார்க்கும் பழக்கம் நமது தெருமுனைகளில் ஏற்கனவே இருக்கிறது.

அது இன்னும் எத்தனை காலம் இருக்கும் என்பதுதான் கவலை. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களும் அவர்களில் போனார்கள். இங்கே எஞ்சியிருக்கும் பாஸ்மாரில் பலர் வயதானவர்கள். அவர்களுக்கு அருகில் அமர்ந்து வேலை பழகப் பையன்கள் இல்லை. க.பொ.த. சாதாரண தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை ஒருவரை, மாலையில் இரண்டு மணித்தியாலம் நல்ல பாஸ் ஒருவரிடம் அனுப்பிப் பாருங்கள். மோட்டார் சுற்றவும் குளிர்சாதனப் பெட்டி திருத்தவும் தெரிந்த கைக்கு இங்கேயும் வேலை உண்டு, வெளிநாட்டிலும் வேலை உண்டு. அடுத்த நெருக்கடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும் நாளில் டொலரைத் தேடுவதைவிட அந்தக் கையைத் தேடுவதே கடினமாகிவிடக் கூடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும் நேரத்தில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். அலுமாரிக்கு மேலும், கட்டிலுக்குக் கீழும், சமையலறை மூலையிலும் பழுது என்று ஒதுக்கி வைத்தவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பாகம் போயிருக்கிறது, திருத்த எவ்வளவு, புதிதுக்கு எவ்வளவு என்று குறித்து இரண்டு கூட்டுத்தொகையையும் போடுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, முதலில் ஒழுகும் குழாயிலிருந்து தொடங்குங்கள்.